38 வயதில் எலக்ட்ரீஷியனாக மாறுவது: எந்த வழி, எவ்வளவு காலம், எதைக் கற்க வேண்டும்

கேள்வியின் சுருக்கம் இது. கேட்டவருக்கு 38 வயது, பி.காம். படித்தவர். திருப்பூரில் ஒரு பனியன் ஏற்றுமதி நிறுவனத்தின் கணக்குப் பிரிவில் நெடுங்காலம் இருந்து, ஆட்குறைப்பில் வேலையை இழந்திருக்கிறார். மனைவிக்குச் சிறிய வருமானம் உண்டு. இரண்டு பிள்ளைகள் பள்ளியில் படிக்கிறார்கள். வீட்டில் சுவிட்ச் மாற்றுவது, ஃபேன் மாட்டுவது போன்ற வேலைகளைத் தாமே செய்து பழகியவர் என்பதால் எலக்ட்ரீஷியனாக மாற நினைக்கிறார். ஐ.டி.ஐ. படித்தே ஆக வேண்டுமா, ஒரு மாதப் பயிற்சி போதாதா, இந்த வயதில் யார் வேலைக்குச் சேர்த்துக்கொள்வார்கள், உடல் தாங்குமா, எப்போது குடும்பம் நடத்தும் அளவுக்கு வருமானம் வரும், பிற்காலத்தில் ஒப்பந்ததாரர் உரிமம் பெற என்ன வேண்டும் என்பவை அவருடைய கேள்விகள்.

மேற்பார்வையாளர் சான்றிதழோடு கட்டட வயரிங் வேலைகளை எடுத்துச் செய்து வருபவன், வேறு தொழிலில் இருந்து நடுவயதில் வந்த சிலரை உடன் வைத்துப் பழக்கியவன் என்ற முறையில் சொல்கிறேன்: தாராளமாக மாறலாம். ஆனால் இதில் கைத்திறனுக்கு ஒன்று, சான்றிதழுக்கு ஒன்று என இரண்டு காலக்கணக்குகள் உள்ளன என்பதைத் தொடக்கத்திலேயே மனத்தில் வாங்கிக்கொள்ள வேண்டும். கூலி பெறும் உதவியாளாகச் சில வாரங்களில் ஆகிவிடலாம். ஒரு வீட்டின் வயரிங்கைத் தனியாகப் போடும் கைத்திறன் இரண்டு மூன்று ஆண்டுகளில் வந்துவிடும். சட்டப்படி உங்கள் பெயரில் தகுதிச் சான்றிதழ் வைத்துக்கொண்டு வேலை செய்வதற்கோ, பெரும்பாலோருக்கு ஐந்து ஆறு ஆண்டுகள் ஆகின்றன. முதல் கணக்கை மட்டும் பார்த்து இறங்கியவர்கள் பத்தாண்டுகள் கழித்தும் சான்றிதழ் இல்லாமலேயே இருப்பதை நான் பார்த்திருக்கிறேன். அவர்களுக்குத் திறமையில் குறைவில்லை. முதல் நாளிலிருந்தே அனுபவத்தை ஆவணமாக்கிக்கொள்ள வேண்டும் என்று அவர்களுக்கு யாரும் சொல்லவில்லை. இந்தப் பதிலில் நான் அழுத்திச் சொல்ல விரும்புவது அதைத்தான்.

சான்றிதழ் ஏன் தேவை என்பதை முதலில் பார்ப்போம். 1956ஆம் ஆண்டின் இந்திய மின்சார விதிகள் நடைமுறையில் இருந்த காலத்திலிருந்தே, நுகர்வோரின் கட்டடத்தில் புதிதாக வயரிங் போடுவதையும், இருப்பதைக் கூட்டுவதையும் மாற்றியமைப்பதையும், உரிமம் பெற்ற ஒப்பந்ததாரர், தகுதிச் சான்றிதழ் பெற்றவரின் நேரடி மேற்பார்வையில்தான் செய்ய வேண்டும் என்பது விதி. 2003ஆம் ஆண்டின் மின்சாரச் சட்டத்துக்குப் பிறகு, மத்திய மின்சார ஆணையம் 2010இலும் பின்னர் 2023இலும் கொண்டுவந்த பாதுகாப்பு ஒழுங்குமுறைகளிலும் இந்த அடிப்படை தொடர்கிறது. தமிழ்நாட்டில் இந்தச் சான்றிதழ்களையும் உரிமங்களையும் வழங்குவது, சென்னை கிண்டி திரு.வி.க. தொழிற்பேட்டையில் உள்ள மின் உரிமம் வழங்கும் வாரியம். கம்பியாள் (வயர்மேன்) உதவியாளருக்கு ஹெச் சான்றிதழ், கம்பியாளுக்கு பி சான்றிதழ், மேற்பார்வையாளருக்கு சி சான்றிதழ் என்று படிப்படியாக இவை அமைந்துள்ளன. ஒப்பந்ததாரர் உரிமம் தனியானது.

சான்றிதழ் இல்லாமல் ஆயிரக்கணக்கானோர் இந்த வேலையைச் செய்து பிழைக்கிறார்கள் என்பது உங்களுக்கும் தெரிந்திருக்கும். பழுது பார்ப்பது, ஃபேன் மாட்டுவது என்ற அளவில் வாடிக்கையாளர் யாரும் சான்றிதழைக் கேட்பதில்லை. ஆனால் நீங்கள் வயரிங் செய்த வீட்டில் தீப்பிடித்தாலோ ஒருவர் மின்சாரம் தாக்கி இறந்தாலோ மின் ஆய்வாளர் வந்து கேட்கும் முதல் கேள்வி, இந்த வேலையைச் செய்தவர் யார், அவருக்கு என்ன தகுதி என்பதுதான். இருபது வயதுப் பையனுக்கு உதவியாளாக அலைந்து திரிய நேரம் இருக்கிறது. குடும்பத்தைச் சுமக்கும் ஒருவர் அத்தகைய நிலையில் மாட்டிக்கொள்ளக் கூடாது.

இனி வழிகளைப் பார்ப்போம். முதலாவது ஐ.டி.ஐ. எலக்ட்ரீஷியன் பிரிவு இரண்டு ஆண்டுப் படிப்பு. பத்தாம் வகுப்புத் தேர்ச்சி போதும். வயர்மேன் பிரிவுக்கு எட்டாம் வகுப்புத் தேர்ச்சியே போதுமானது. தமிழ்நாட்டு அரசு ஐ.டி.ஐ.களில் ஆண்களுக்கு 40 வயது வரை சேர்க்கை உண்டு. பெண்களுக்கு உச்ச வயது வரம்பு கிடையாது. 38 வயதில் இருக்கும் உங்களுக்கு இந்தக் கதவு இன்னும் திறந்திருக்கிறது என்றாலும், அடுத்த ஓரிரு சேர்க்கைகளுக்குள் முடிவெடுத்தாக வேண்டும். இந்தப் படிப்பின் பலம், அது வீட்டு வயரிங்கோடு நின்றுவிடாமல் மோட்டார், டிரான்ஸ்ஃபார்மர், வைண்டிங், கன்ட்ரோல் பேனல், டிரைவ் ஆகியவற்றையும் கற்றுத்தருவதில் இருக்கிறது. தேர்ச்சி பெற்றால் கிடைக்கும் தேசியத் தொழிற்சான்றிதழ் நாடு முழுவதும் செல்லும். பலவீனம், இரண்டு ஆண்டுகள் பகல் முழுவதையும் அங்கே கொடுக்க வேண்டும் என்பது.

ஐ.டி.ஐ. முடித்தவுடன் திருப்பூர், கோவைப் பக்கத்து ஆலைகளில் பராமரிப்புப் பிரிவில் மாதச் சம்பளத்தோடு சேர்ந்துவிடலாம் என்று சிலர் ஆசை காட்டுவார்கள். அதில் பாதிதான் உண்மை. ஆலைகள் பராமரிப்புக்கு எலக்ட்ரீஷியன்களைத் தொடர்ந்து எடுக்கின்றன என்பது சரி. ஆனால் புதிதாகப் படித்து வெளியே வருபவர்களில் அவர்கள் முதலில் தேடுவது, குறைந்த உதவித்தொகையில் தொழிற்பழகுநராகச் சேர்ந்து இரவு ஷிப்டும் பார்க்கக்கூடிய இளைஞர்களை. 40 வயதில் புதிய சான்றிதழோடு நிற்பவரைத் தயங்கித்தான் எடுப்பார்கள். ஒரு வாய்ப்பு உங்களுக்குச் சாதகமாக இருக்கிறது: ஏற்றுமதித் தொழிலில் நீண்ட காலம் இருந்ததால் பல ஆலைகளில் உங்களுக்கு அறிமுகம் இருக்கும். அந்த அறிமுகத்தின் வழியாக ஓர் ஆலையில் இடம் கிடைக்கும் என்று முன்கூட்டியே உறுதியாகத் தெரிந்தால், மனைவியின் வருமானத்திலும் சேமிப்பிலும் இரண்டு ஆண்டுகள் ஓட்ட முடியும் என்றால், ஐ.டி.ஐ.யே சிறந்த வழி என்பேன்.

இரண்டாவது வழி, வேலை செய்துகொண்டே கற்று, தேர்வு எழுதிச் சான்றிதழ் பெறுவது. தமிழ்நாடு அரசின் வேலைவாய்ப்பு மற்றும் பயிற்சித் துறை, மின்கம்பியாள் உதவியாளர் தகுதிகாண் தேர்வை ஐ.டி.ஐ.களில் நடத்துகிறது. மின் வயரிங் தொழிலில் ஐந்து ஆண்டுகளுக்குக் குறையாத செய்முறை அனுபவமும் 21 வயது நிறைவும் வேண்டும். உச்ச வயது வரம்பு இல்லை. அறிவிப்பு மாவட்டந்தோறும் செய்தித்தாள்களில் வரும். விண்ணப்பிக்கும் கால அவகாசம் குறைவாகவே இருக்கும் என்பதால் அருகிலுள்ள அரசு ஐ.டி.ஐ.யில் அவ்வப்போது விசாரித்துக்கொண்டே இருக்க வேண்டும். இதைத் தவிர, அகில இந்தியத் தொழிற்தேர்வைத் தனித்தேர்வராக எழுதும் வழியும் உண்டு. வகுப்புக்குப் போகாமலே தேசியத் தொழிற்சான்றிதழுக்குக் கொண்டுசெல்லும் வழி அது. ஆனால் அதன் எழுத்துத் தேர்வுக்கு ஐ.டி.ஐ. பாடநூல்களை உட்கார்ந்து படித்தால்தான் தேற முடியும். பட்டப்படிப்புப் படித்த உங்களுக்கு அந்தப் படிப்பு பெரிய தடையாக இராது.

மூன்றாவது, குறுகிய காலப் பயிற்சி. வங்கிகள் நடத்தும் கிராமப்புற சுயவேலைவாய்ப்புப் பயிற்சி நிலையங்களில் வீட்டு வயரிங் பயிற்சி ஏறத்தாழ ஒரு மாதம், கட்டணமின்றி அளிக்கப்படுகிறது. இதை நான் தயங்காமல் பரிந்துரைக்கிறேன். ஆனால் தொழிலுக்கான தகுதியாக இல்லாமல், தொழிலுக்குள் நுழைவதற்கான முன்பயிற்சியாகப் பரிந்துரைக்கிறேன். பெரிய தொகையை வாங்கிக்கொண்டு சில வாரங்களில் முழு எலக்ட்ரீஷியன் ஆக்குவதாக விளம்பரம் செய்யும் தனியார் மையங்களிடம் எச்சரிக்கையாக இருங்கள். அவர்கள் தரும் சான்றிதழை மின் உரிமம் வழங்கும் வாரியம் ஏற்கிறதா என்ற ஒரே கேள்வியை, அந்த மையத்திடம் கேட்காமல் வாரியத்திடமே கேட்டுவிட்டு, பிறகு பணத்தைக் கட்டுவதா வேண்டாமா என்று முடிவு செய்யலாம்.

உங்கள் நிலையில் என் பரிந்துரை, முதலில் ஒரு மாத இலவசப் பயிற்சி, உடனே உரிமம் பெற்ற ஒப்பந்ததாரரிடம் உதவியாள் வேலை, அதோடு சேர்த்து இரவில் ஐ.டி.ஐ. பாடநூல் படிப்பு என்பதாகும். இதில் அதிகக் கவனம் தேவைப்படுவது ஒப்பந்ததாரரைத் தேர்ந்தெடுப்பதில். கூலி அதிகம் தருகிறார் என்பதற்காக உரிமம் இல்லாத ஒருவரிடம் சேர்ந்தால், அங்கே நீங்கள் கழிக்கும் ஆண்டுகள் உங்கள் கையில் திறமையாக நிற்கும். தாளில் எதுவும் நிற்காது. தேர்வுக்கு விண்ணப்பிக்கும்போது அனுபவத்துக்குச் சான்று வேண்டும். உரிமம் பெற்ற ஒப்பந்ததாரர் தம் உரிம எண்ணோடு, எந்த நாள் முதல் எந்த நாள் வரை என்ன வேலை செய்தீர்கள் என்று எழுதிக் கையெழுத்திட்டுத் தரும் சான்றுதான் கேள்விக்கு இடமில்லாமல் நிற்கும். ஆகவே சேரும்போதே அவருடைய உரிமம் நடப்பில் இருக்கிறதா என்று பாருங்கள். ஆண்டுதோறும் ஒரு சான்று எழுதி வாங்கிவிடுங்கள். ஐந்தாம் ஆண்டின் இறுதியில் மொத்தமாகக் கேட்டுக்கொள்ளலாம் என்று விட்டுவைத்தால், அதற்குள் அவர் தொழிலை விட்டிருக்கலாம், ஊர் மாறியிருக்கலாம், உங்களோடு மனக்கசப்பும் ஏற்பட்டிருக்கலாம். அதோடு, எந்தக் கட்டடம், எத்தனை பாயிண்ட் (விளக்கு, ஃபேன், பிளக் ஒவ்வொன்றுக்குமான இணைப்பிடம்), என்ன லோடு, யார் மேற்பார்வை என்று ஒரு நோட்டில் நாள்தோறும் குறித்து வாருங்கள். கணக்கெழுதிப் பழகிய கைக்கு இது எளிது; மற்ற உதவியாளர்களில் பெரும்பாலோர் இதைச் செய்வதில்லை.

ஒப்பந்ததாரரின் வேலை எந்த வகை என்பதும் முக்கியம். அபார்ட்மெண்ட் மட்டுமே கட்டும் நிறுவனத்துக்குத் துணை ஒப்பந்தம் செய்பவரிடம் போனால், ஆண்டுக்கணக்கில் ஸ்லாப் பைப் போடுவதும் சுவரில் காடி வெட்டுவதுமாகவே காலம் போய்விடக்கூடும். அங்கே ஒரு குழு பைப் அடிக்கும், ஒரு குழு ஒயர் இழுக்கும், வேறொரு குழு சுவிட்ச் பொருத்தும். முழு வேலையையும் பார்த்தவர் மேற்பார்வையாளர் ஒருவராகத்தான் இருப்பார். தனி வீடுகளையும் சிறு கடைகளையும் தொடக்கம் முதல் முடிவு வரை செய்து, பழைய வீடுகளில் பழுதும் பார்க்கும் நடுத்தர அளவிலான ஒருவரே கற்பதற்கு ஏற்றவர். கம்பி கட்டி முடித்து கான்கிரீட் போடுவதற்கு முன் பைப்பும் ஃபேன் பாக்ஸும் வைப்பது, பூச்சுக்கு முன் காடி வெட்டி மெட்டல் பாக்ஸ் பதிப்பது, பூச்சுக்குப் பின் ஒயர் இழுப்பது, பெயிண்ட் வேலை முடியும் தறுவாயில் சுவிட்சும் டி.பி.யும் (மின்சாரத்தைத் தனித்தனிச் சுற்றுகளாகப் பிரிக்கும் பெட்டி) பொருத்துவது, கடைசியாகச் சோதிப்பது என்ற வரிசை முழுவதையும் ஒரே வீட்டில் பின்தொடர்ந்து பார்த்தவருக்குத்தான், தொடக்கத்தில் செய்த ஒரு சிறு கவனக்குறைவு முடிவில் எங்கே வந்து நிற்கிறது என்பது புரியும்.

கைவேலை பழகப் பழக வந்துவிடும். வயது வந்தவர் படிப்பின் மூலம் முந்திக்கொள்ளக்கூடிய இடம் வேறு. பாதுகாப்புக் கருவிகள் ஒவ்வொன்றும் எதைக் காக்கின்றன என்ற தெளிவு, களத்தில் பல ஆண்டுகள் இருந்தவர்களிடமும் குறைவாகவே இருக்கிறது. இதைச் சற்று விரிவாகவே சொல்கிறேன்.

எம்.சி.பி. (மின்னோட்டம் அளவு மீறினால் தானே விழுந்து சுற்றைத் துண்டிக்கும் சுவிட்ச்) இருக்கிறது, ஆகவே ஷாக் அடித்தால் விழுந்துவிடும் என்று வீட்டுக்காரர்கள் நம்புகிறார்கள். எம்.சி.பி. காப்பது ஒயரை. 16 ஆம்பியர் எம்.சி.பி. 16 ஆம்பியரைத் தாண்டிய கணத்திலேயே விழுவதும் இல்லை. அதன் தரநிலைப்படி 1.13 மடங்கு வரை, அதாவது ஏறத்தாழ 18 ஆம்பியர் வரை, ஒரு மணி நேரம் விழாமல் இருக்க வேண்டும், 1.45 மடங்கில், அதாவது ஏறத்தாழ 23 ஆம்பியரில், ஒரு மணி நேரத்துக்குள் விழ வேண்டும். மனித உடலின் மின்தடையை ஓராயிரம் முதல் இரண்டாயிரம் ஓம் என்று வைத்துக்கொண்டால், 230 வோல்ட்டில் உடல் வழியாகப் போகும் மின்னோட்டம் ஏறத்தாழ 115 முதல் 230 மில்லி ஆம்பியர். இது உயிரைப் பறிக்கப் போதுமானது; எம்.சி.பி.யின் கணக்கிலோ ஒரு சிறு பல்பு எரிவதற்கு மேல் ஒன்றுமில்லை. ஆளைக் காக்க வேண்டிய கருவி ஆர்.சி.சி.பி. போகும் மின்னோட்டமும் நியூட்ரலில் திரும்பும் மின்னோட்டமும் ஒன்றாக இல்லை என்றால், அந்த வேறுபாடு 30 மில்லி ஆம்பியரை எட்டுவதற்குள் அது சுற்றைத் துண்டித்துவிடும். ஆனால் ஒருவர் பூமியோடு தொடர்பின்றி நின்று, ஒரு கையில் பேஸையும் மறு கையில் நியூட்ரலையும் தொட்டால், போவதும் வருவதும் சமமாகவே இருப்பதால் ஆர்.சி.சி.பி.க்கு எதுவும் தெரியாது. ஓவர்லோடையும் ஷார்ட் சர்க்யூட்டையும் தடுப்பது அதன் வேலை இல்லை, அதற்கு எம்.சி.பி. வேண்டும். மூன்றாவதாக, கருவிகளின் உலோக உடலில் கசியும் மின்னோட்டத்துக்கு வழி கொடுக்க எர்த் வேண்டும். இந்த மூன்றில் எதுவும் மற்றொன்றுக்கு மாற்றாகாது.

இது வெறும் பாடம் இல்லை என்பதற்கு ஒரு நடைமுறை சொல்கிறேன். பழைய வீட்டில் புதிதாக ஆர்.சி.சி.பி. பொருத்தியதும் அது அடிக்கடி விழுகிறது என்று புகார் வரும். காரணம் பெரும்பாலும், இரண்டு சுற்றுகளின் நியூட்ரல் எங்கோ ஒரு ஜங்ஷன் பாக்ஸில் ஒன்றாகக் கலந்திருப்பது, அல்லது நியூட்ரலும் எர்த்தும் தொட்டுக்கொண்டிருப்பது, அல்லது ஈரம் ஏறிய வாட்டர் ஹீட்டர். ஒவ்வொரு சுற்றாகப் பிரித்து மெகர் (ஒயரின் மேலுறை மின்சாரத்தைக் கசியவிடுகிறதா என்று அளக்கும் கருவி) வைத்துப் பார்த்தால் அரை நாளில் கண்டுபிடித்துவிடலாம். அந்தப் பொறுமை இல்லாமல் ஆர்.சி.சி.பி.யையே கழற்றிவிட்டு நேரடியாக இணைத்துக் கொடுத்துவிட்டுப் போகும் பழக்கம் பல ஊர்களில் பரவியிருக்கிறது. அந்த வீட்டில் உள்ள குழந்தைகளின் பாதுகாப்பைக் கழற்றி எறிந்த செயல் அது. யாரிடம் தொழில் கற்றாலும், உங்கள் ஆசானே சொன்னாலும், இதை மட்டும் செய்யாதீர்கள்.

கற்க வேண்டிய கணக்குகள் கடினமானவை இல்லை. 2,000 வாட் வாட்டர் ஹீட்டர் 230 வோல்ட்டில் ஏறத்தாழ 8.7 ஆம்பியர் எடுக்கும் என்பதிலிருந்து தொடங்கி, எந்தச் சுற்றுக்கு எந்த அளவு ஒயர், அந்த ஒயருக்கு எந்த எம்.சி.பி. என்ற முடிவுக்கு வரத் தெரிய வேண்டும். விளக்குச் சுற்றுக்கு 1.5 சதுர மி.மீ., 16 ஆம்பியர் பவர் பிளக்குக்கு 2.5, ஏ.சி.க்கு 4 என்பது வீடுகளில் பரவலான நடைமுறை; ஒரு விளக்குச் சுற்றில் 10 பாயிண்டுக்கு மேலோ 800 வாட்டுக்கு மேலோ ஏற்றக் கூடாது என்பது பாடநூலில் வரும் பழைய வரம்பு. இவற்றை மனப்பாடமாக ஏற்காமல், தூரம் கூடினால் வோல்டேஜ் எவ்வளவு குறையும், ஒரே பைப்பில் பல சுற்றுகளின் ஒயர்கள் நெருக்கமாகச் சென்றால் சூடு எப்படிக் கூடும் என்று காரணத்தோடு கற்க வேண்டும். வயரிங்குக்கான இந்தியத் தரநிலை ஐ.எஸ். 732, எர்த்திங்குக்கான ஐ.எஸ். 3043 ஆகிய இரண்டையும் படித்துப் பழகுங்கள். ஆங்கிலத்தில் ஆவணம் படித்துப் பழகிய உங்களுக்கு, களத்தில் உள்ள பலருக்கு எட்டாத அறிவு இதனால் எட்டும்.

சோதனைக் கருவிகளைச் சீக்கிரமே கையாளக் கற்றுக்கொள்ளுங்கள். மின்வாரியத்தின் இணைப்பைக் கொடுப்பதற்கு முன், 500 வோல்ட் மெகரில் ஒயர்களின் இன்சுலேஷன் குறைந்தது ஒரு மெகா ஓம் காட்ட வேண்டும், எல்.இ.டி. விளக்குகளையும் மின்னணுக் கருவிகளையும் கழற்றிவிட்டுத்தான் இந்தச் சோதனையைச் செய்ய வேண்டும், இல்லையென்றால் அவை பழுதாகிவிடும். எர்த் குழியில் இறக்கும் பைப் 2.5 மீட்டருக்குக் குறையக் கூடாது என்பது பலருக்குத் தெரியும். ஆனால் அந்த எர்த்தின் மின்தடையை அளந்து பார்ப்பவர்கள் குறைவு. அதையும் கொங்குப் பகுதியின் வறண்ட கோடையில் ஒரு முறை அளந்தால்தான் உண்மை நிலை தெரியும். மழைக்காலத்து ஈர மண்ணில் நல்ல எண்ணைக் காட்டும் எர்த், சித்திரையில் கைவிட்டுவிடக்கூடும்.

உயிர்ப் பாதுகாப்புப் பழக்கங்களில் மூன்றை மட்டும் குறிப்பிடுகிறேன். முதலாவது, நியான் டெஸ்டர் எரியவில்லை என்பதை மின்சாரம் இல்லை என்பதற்கு ஆதாரமாக ஒருபோதும் எடுத்துக்கொள்ளக் கூடாது. மின்சாரம் இருப்பது உறுதியாகத் தெரிந்த இடத்தில் மீட்டரை வைத்து அது வேலை செய்வதைப் பார்த்து, பிறகு வேலை செய்யும் இடத்தில் பேஸ், நியூட்ரல், எர்த் என்று எல்லாவற்றுக்கும் இடையே பார்த்து, மீண்டும் தெரிந்த இடத்தில் பார்த்து மீட்டரை உறுதிசெய்துகொள்ள வேண்டும். இரண்டாவது, இன்வெர்ட்டர் உள்ள வீட்டில் மெயினை அணைத்தாலும் பல பாயிண்டுகளில் 230 வோல்ட் இருந்துகொண்டே இருக்கும். முதலில் இன்வெர்ட்டர் எங்கே இருக்கிறது என்று கேட்டு அதையும் அணைக்க வேண்டும். மூன்றாவது, மூன்று பேஸ் இணைப்புள்ள வீட்டில் நியூட்ரலை எக்காரணம் கொண்டும் லோடு ஓடும்போது கழற்றக் கூடாது. நியூட்ரல் விட்டுப்போனால், லோடு குறைவாக உள்ள பேஸில் வோல்டேஜ் 230ஐத் தாண்டி 400 வரைகூட நெருங்கி, அந்த வீட்டின் டி.வி.யும் ஃபிரிட்ஜும் ஒரு நொடியில் போய்விடும்.

உடலைப் பற்றிக் கேட்டிருந்தீர்கள். நாற்காலியில் அமர்ந்து பழகிய உடலுக்கு முதல் சில மாதங்கள் கடினமாகவே இருக்கும். காடி வெட்டும்போது எழும் சிமென்ட் தூசு, வெயிலில் கம்பிக்கட்டின் மேல் குனிந்து நின்று பைப் போடுவது, ஏணியில் நின்று தலைக்கு மேல் கையைத் தூக்கி வேலை செய்வது ஆகிய மூன்றும்தான் வயது வந்தவர்களைத் திருப்பி அனுப்புகின்றன. முகக்கவசமும் கண்ணாடியும் இல்லாமல் காடி வெட்ட மறுத்துவிடுங்கள். இதில் கூச்சம் வேண்டாம். தொழிலில் இறங்குவதற்கு முன் ஒரு கண் மருத்துவரிடம் நிறப் பார்வையைச் சோதித்துக்கொள்ளுங்கள். சிவப்பும் பச்சையும் தெளிவாகப் பிரித்தறிய முடியாத ஒருவருக்கு, பேஸ் ஒயரும் எர்த் ஒயரும் ஒரே பைப்பில் வரும் இந்தத் தொழில் ஆபத்தானது. இரத்த அழுத்தமும் தலைச்சுற்றலும் இருந்தால் அதையும் மறைக்காமல் மருத்துவரிடம் சொல்லுங்கள்.

வருமானத்தைப் பொறுத்தவரை, உதவியாளுக்கு நாள் கூலி. கைதேர்ந்தவர்களுக்குப் பெரும்பாலும் பாயிண்ட் கணக்கு. முதல் இரண்டு ஆண்டுகளில் கிடைப்பது உங்கள் பழைய சம்பளத்தை எட்டாது என்றே திட்டமிடுங்கள். மழை நாட்களிலும், கட்டடத்தில் மற்ற வேலை முடியாமல் நிற்கும் நாட்களிலும் கூலி இருக்காது. ஆகவே ஒரு சிறு கடைக்கோ, பழைய தொடர்பில் உள்ள ஒரு நிறுவனத்துக்கோ வாரத்தில் ஓரிரு மாலைகள் கணக்கெழுதும் வேலையைக் கைவிடாமல் வைத்திருப்பது நல்லது. தமிழ்நாடு கட்டுமானத் தொழிலாளர்கள் நல வாரியத்தில் 18 முதல் 60 வயது வரை உள்ளவர்கள் பதிவு செய்யலாம். மின்பணியாளர்களும் அதில் அடங்குவர். விபத்து உதவி, பிள்ளைகளின் கல்வி உதவி, 60 வயதுக்குப் பின் ஓய்வூதியம் ஆகியவை அதன் வழியாகக் கிடைக்கின்றன. வங்கிக் கணக்கு வழியாக ஆண்டுக்கு 20 ரூபாய் கட்டணத்தில் கிடைக்கும் பிரதமரின் சுரக்ஷா பீமா விபத்துக் காப்பீட்டையும் எடுத்துவிடுங்கள். விபத்து மரணத்துக்கு இரண்டு லட்சம் ரூபாய் என்பது சிறு தொகைதான், ஆனாலும் ஏணியில் ஏறும் தொழிலுக்குப் போகும் ஒருவர் அதைக்கூட எடுக்காமல் இருப்பது சரியில்லை.

உங்கள் பழைய தொழில் வீண் போகாது. ஒரு வீட்டின் வரைபடத்தைப் பார்த்து எத்தனை மீட்டர் ஒயர், எத்தனை பைப், எத்தனை பாக்ஸ் என்று அளவெடுத்து, பொருளையும் கூலியையும் பிரித்து, வரியோடு எழுத்தில் மதிப்பீடு கொடுக்கத் தெரிந்தவர்கள் இந்தத் தொழிலில் குறைவு. வீட்டுக்காரருக்கும் எலக்ட்ரீஷியனுக்கும் வரும் சண்டைகளில் பெரும்பகுதி, வாய்ப்பேச்சில் பேசிய தொகையும் நடுவில் கூட்டிய பாயிண்டுகளும் எழுத்தில் இல்லாததால் வருபவை. சேர்ந்த சில மாதங்களிலேயே உங்கள் ஒப்பந்ததாரரின் மதிப்பீட்டையும் பில்லையும் நீங்கள் எழுதிக் கொடுக்கத் தொடங்கினால், அவர் உங்களை வெறும் உதவியாளாக வைத்திருக்க மாட்டார், பதிலுக்கு டி.பி. வேலையையும் சோதனை வேலையையும் உடனிருந்து கற்றுத்தரும்படி கேளுங்கள்.

சோலார் வேலைக்கு நேரடியாகப் போகலாமா என்றும் பலர் கேட்கிறார்கள். 2024 பிப்ரவரியில் தொடங்கிய பிரதமரின் சூர்ய கர் திட்டத்தில், 3 கிலோவாட் மற்றும் அதற்கு மேற்பட்ட வீட்டுக்கூரை அமைப்புகளுக்கு 78,000 ரூபாய் வரை மானியம் கிடைப்பதால் அந்த வேலை பெருகியிருப்பது உண்மை. ஆனால் அதை இரண்டாம் கட்டமாக வைத்துக்கொள்ளுங்கள். பகல் வெளிச்சம் இருக்கும்வரை பேனலின் மின்சாரத்தை அணைக்க முடியாது. அது நேர்மின்னோட்டம் என்பதால், வினாடிக்கு 100 முறை பூஜ்யத்தைத் தொட்டு மீளும் நம் வீட்டு மின்சாரத்தைப் போல் தீப்பொறி தானாக அணைந்துவிடாது. வீட்டு வயரிங்கில் சோதனைப் பழக்கம் ஊறிய கைக்கு அதைச் சில மாதங்களில் சேர்த்துக் கற்றுக்கொள்ளலாம்.

ஒப்பந்ததாரர் உரிமம் பற்றிய உங்கள் கடைசிக் கேள்விக்கு: அதற்கு மேற்பார்வையாளர், கம்பியாள் ஆகிய தகுதிச் சான்றிதழ் பெற்றவர்களை முழுநேரமாக வைத்திருக்க வேண்டும், மெகர், எர்த் டெஸ்டர் போன்ற கருவிகளும் சொந்தமாக வேண்டும். முதல் சான்றிதழ் கைக்கு வரும்வரை அதைப் பற்றி நினைக்க வேண்டாம். இப்போதைக்கு அருகிலுள்ள அரசு ஐ.டி.ஐ.க்குப் போய், இந்த ஆண்டின் சேர்க்கைத் தேதி, கம்பியாள் உதவியாளர் தேர்வின் அறிவிப்பு, தனித்தேர்வர் விண்ணப்பம் ஆகிய மூன்றையும் அலுவலகத்தில் கேட்டு எழுதிக்கொள்ளுங்கள். அதே வாரத்தில், உங்கள் ஊரில் உரிமம் பெற்ற ஒப்பந்ததாரர்கள் இரண்டு மூன்று பேரைச் சந்தித்து, கூலியைப் பேசுவதற்கு முன், ஆண்டுதோறும் அனுபவச் சான்று எழுதித் தருவீர்களா என்று கேளுங்கள். தருகிறேன் என்பவரிடம் கூலி சற்றுக் குறைவாக இருந்தாலும் அவரிடமே சேருங்கள்.